எலி மாப்பிள்ளையின் கைச்சூடு

மச்சினன் கேலியாக வைத்த பெயர் அது. ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்த அன்றே "எலி மாப்பிள்ளை" என்று கூப்பிட்டான், அப்படியே ஒட்டிக்கொண்டது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என்ற ஒன்றைப் பிறக்கும்போதே எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்.

அவருடைய அறையில் பகல்தான் இரவு. எலிகள் இருட்டில் விழித்திருக்கும் என்பதால், வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். மரத்தூள் வாசனை, சரசரப்பு, தண்ணீர்ப் புட்டியை நக்கும் சின்னச் சத்தம். உள்ளே போனால் யாருக்கும் கண் சொக்கும். அந்த மயக்கத்தில் அவர் ஒரு தாலாட்டை முணுமுணுத்தபடி நடப்பார். மகளைத் தூங்க வைத்த பாட்டு.

மகளுக்கு வலிப்பு உண்டு. பரீட்சை, அதட்டல் என்று மனம் படபடக்கும் நாட்களில்தான் அதிகம் வரும். அதைப் பற்றிய ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வேலைக்கே ஆசைப்பட்டு வந்தார்.

ஆராய்ச்சி செய்தவர் ஒரு டாக்டரம்மா. பாதி எலிகளைத் தினமும் கொஞ்ச நேரம் குறுகலான குழாயில் அடைக்க வேண்டும். அசைய முடியாமல் அவை பயப்படும். பயத்தில் சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். வாரக்கணக்கில் இப்படிப் பயந்த எலிக்கு வலிப்பு சுலபமாக வருகிறதா என்று, பிறகு வலிப்பைத் தூண்டும் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். வரும் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். ஆனால் குழாயில் அடைத்த எலிக்கும் அடைக்காத எலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. டாக்டரம்மாவுக்கு மண்டை காய்ந்தது.

ஒருநாள் அவர் சொல்லாமல் உள்ளே வந்தார். எலி மாப்பிள்ளை குழாயைச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் எலி சுகமாகத் தூங்கியது.

"என்ன பண்றீங்க?"

"குழாய் சில்லுன்னு இருக்கு டாக்டர். பாவம், பயந்துக்குது."

"பயப்படணும்னுதானே போடறோம்! பயந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சாதானே உங்க பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு வழி பிறக்கும்?"

மகளுக்காக வந்த இடத்தில் மகளுக்கே குழி பறித்துவிட்டோமே என்று நினைத்தபடி குழாயைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

புது எலிகள் வந்தன. இந்த முறை குழாய்களை இரும்பு மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். பாட்டு தொண்டை வரை வந்தது, விழுங்கினார்.

சில வாரங்களில் முடிவு தெரிந்தது. பயந்த எலிகள் முந்திக்கொண்டு துடித்தன. டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறைதான். எலி மாப்பிள்ளையோ, துடித்து ஓய்ந்த ஒவ்வொன்றையும் துடைத்துக் கூண்டில் படுக்க வைத்தார். என்னைக் கேட்டால், அன்று அந்த அறையில் அதிகம் நடுங்கியது அவர்தான்.

மறுநாள் காலை மகளுக்குப் பரீட்சை. அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. வாசலில் உட்கார்ந்து அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்தி, அந்தப் பாட்டையே முணுமுணுத்தார். மெல்ல மெல்ல அவள் படபடப்பு அடங்கியது.

"இதை உன் எலிங்களுக்கும் பாடுவியாமேப்பா? மாமா சொல்லிச் சிரிச்சாரு."

அவர் அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"இப்ப பாடறதில்லம்மா. உனக்கு மட்டும்தான்."