பன்னிரண்டாம் கல் வரை

ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது இருபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்ததே கணக்கு வேலை. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில், கப்பலேறும் சரக்குக்கு எடை, அளவு, கூலி எல்லாம் போட்டுக் கஸ்டம்ஸுக்குப் பேப்பர் தயாரிக்கிற குமாஸ்தா நான். ஆயிரம் மூட்டையில் ஒரு மூட்டை குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். ஒரு கிலோமீட்டரில் முக்கால்வாசிக்கு மேல் காணாமல் போனது மட்டும் ஆறு மாதமாகக் கண்ணில் படவில்லை.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எழுபதுகளின் அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்குக் கிலோமீட்டர் என்பது புது மாப்பிள்ளை மாதிரி. வீட்டுக்கு வந்தாயிற்று, பெயர் தெரியும், குணம் தெரியாது. மைல் கல்லைப் பிடுங்கிப் புதுக் கல் நட்டார்கள். மைலைவிடச் சின்னது என்றார்கள். எவ்வளவு சின்னது என்று யாரும் நடந்து காட்டவில்லை.

ஒருநாள் ஆபீஸில் குனிந்து பேனாவை எடுத்தபோது என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மேனேஜரின் டீயில் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்து என் மேஜையில் வைத்தார். மறுநாள் காலையிலிருந்து ஓட ஆரம்பித்தேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு டீக்கடை. அங்கிருந்து உப்பளங்களை ஒட்டி ஒரு மண் சாலை போகும். சாலையோரமாகச் சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையில் எண் எழுதிய கற்கள், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. முதல் நாள் நாலாம் கல்லில் நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் நாலு கிலோமீட்டர். ஒரு மாதத்தில் எட்டு. மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் கல்லைத் தொட்டுவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினைந்து நிமிடம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நாசரேத்துப் பெண், வாத்தியார் குடும்பம். எதையும் திருப்பிக் கேட்காமல் விடமாட்டாள்.

"திருநெல்வேலி ரோட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸே அரைமணி நேரம் எடுக்கு. அதுவும் பன்னெண்டு பதிமூணு கிலோமீட்டர்தான். நீங்க காமணி நேரத்துல ஓடிட்டு வாரியளோ?"

"பஸ் வழியில நின்னு நின்னு ஆள் ஏத்தும். நான் எங்கயும் நிக்கதில்ல."

அவள் அரிசி களையப் போய்விட்டாள். அதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தச் சமயத்தில்தான் புதுத் துறைமுகத்தில் தீயணைப்புப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்த நேரம். துறைமுகத்தில் வேலை என்றால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மனுப் போட்டார். அவர் நாசரேத்தில் சித்தப்பாவின் கருப்பட்டி மண்டியில் பதினோரு வருடமாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய பதவியின் பெயர் "நம்ம பயதான". வயது வரம்பு முப்பது. அவருக்கு முப்பது முடிய இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. இதை விட்டால் மண்டிதான், மண்டியை விட்டால் மண்டிதான்.

எழுத்துப் பரீட்சை, மூட்டை தூக்குகிற பரீட்சை எல்லாம் தேறிவிட்டார். கடைசியாக ஓட்டம், ஐந்து கிலோமீட்டரை அரைமணி நேரத்தில் ஓட வேண்டும். கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், பேசாம இங்கன வந்து என்கூட ஒரு மாசம் தங்கும். நான் பன்னெண்டு ஓடுதேன். இவனுவ அஞ்சுக்குப் பரீட்சை வைக்கானுவ."

வந்தார். முதல் வாரமே பன்னிரண்டாம் கல்லைத் தொட்டார். எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது. தினமும் ஓடி முடித்து, கல்லின்மேல் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து எங்களை நாங்களே புகழ்ந்துகொள்வோம். பிறகு பேசிக்கொண்டே நடந்து திரும்புவோம். பன்னிரண்டு கிலோமீட்டரை நடந்து திரும்ப இருபது நிமிடம்தான் ஆகும். அதிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் தூரம் தெரியவில்லை என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மச்சான் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். என் மாமியார் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், மகனுக்குக் கர்த்தர் பன்னிரண்டு கிலோமீட்டர் பெலன் தந்திருக்கிறார் என்று சாட்சி சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு நான் அவருக்குக் கொடுத்த யோசனைகளை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. உடம்பு தளர்ந்துவிடும், பாதி நாள் ஓடாமல் ஓய்வு எடுக்க வேண்டும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமாக ஓடக் கூடாது.

"ஏழு நிமிஷத்துல போய் நின்னீர்னா ஊசி கீசி போட்டிருக்கான்னு சந்தேகப்படுவாவ. எல்லாரையும் முன்னால விடும். கடைசில ஒரு இழு இழுத்துக்கிடலாம்."

"அதுவும் சரிதான்," என்றார் மச்சான். அவர் ரொம்ப நல்ல மனுஷர்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை. ஓடி முடித்து நான் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். மச்சான் கால் கழுவ வாய்க்காலுக்கு இறங்கியிருந்தார். அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என்னிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, கல்ல விட்டுக் கொஞ்சம் எந்திரிங்க. அளக்கணும்."

"கிலோமீட்டர் கல்ல எதுக்கு அளக்கணும்?"

"எது கிலோமீட்டர் கல்லு?"

உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டிக் காட்டினேன். அவர் தன் கூட்டாளியை ஒரு பார்வை பார்த்தார்.

"இது உப்புப் பாத்திக் கல்லுல்லா. பன்னெண்டாம் நம்பர் அளம். ஒவ்வொரு குத்தகைக்கும் ஒரு கல்லு நட்டிருக்கு."

"அப்போ ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எவ்வளவு?"

"நூத்தம்பது கஜம் இருக்கும்."

பன்னிரண்டு நூற்றைம்பது ஆயிரத்து எண்ணூறு. ஒரு மைல், அதற்கு மேல் நாற்பது கஜம். மைல் எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு மைலை இதைவிட வேகமாக, புத்தகப் பையோடு ஓடியிருக்கிறேன்.

மச்சான் கால் கழுவி மேலே ஏறி வந்தார். முகத்தில் துறைமுகச் சீருடை போட்ட களை. எனக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில்தான் ஒருவழியாகச் சொன்னேன். அது கிலோமீட்டர் கல் இல்லை, பாத்திக் கல், நாம் இத்தனை நாள் ஓடினது ஒரே ஒரு மைல் என்று.

மச்சான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

அவர்மேல் தப்பில்லை. கல்யாணமான புதிதில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சந்தையில் வாங்கிய ஒரு கூடை சாதாரண மட்டிச் சிப்பியைக் கொடுத்து, முத்துக்குளிக்கிறவரிடம் சொல்லிவைத்து வாங்கின முத்துச் சிப்பி என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் முழுக்கக் கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நாற்றம் மூன்று நாள் போகவில்லை. அன்று வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியமும் செய்திருந்தேன்.

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு அண்ணனப் பயங்காட்டாதிய," என்றாள் மனைவி. "உங்களுக்கு விளையாட்டுக்கு நேரங்காலம் கிடையாதா?"

மறுநாள் மச்சானைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் துறைமுகக் கேட்டுக்குப் போனேன். ஆறு இட்லி சாப்பிட்டிருந்தார், என் யோசனைப்படி. நாற்பது பேர் வந்திருந்தார்கள். கடலை ஒட்டிப் போகும் புதுத் தார்ச் சாலையில் ஓடி, தூரத்தில் வைத்திருக்கிற தார் டிரம்மைச் சுற்றி, கேட்டுக்கே திரும்பி வர வேண்டும். டிரம் கண்ணுக்கே தெரியவில்லை. விசில் வைத்திருந்த அதிகாரியிடம் போனேன்.

"ஸார், இந்த அஞ்சு கிலோமீட்டர அளந்தது யாரு?"

"கவர்மென்ட்."

"கொஞ்சம் கூடுதலா இருக்க வாய்ப்பு..."

"நீங்க ஓடுறீங்களா?"

"இல்ல ஸார்."

"அப்ப தள்ளி நில்லுங்க."

விசில் ஊதியது. முப்பத்தொன்பது பேர் பாய்ந்து போனார்கள். நாற்பதாவது ஆள், மாதா கோயில் சப்பரத்துக்குப் பின்னால் போகிறவர் மாதிரி, நிதானமாகக் கிளம்பினார். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார். எல்லாரையும் முன்னால் விடுகிறாராம்.

சாலையோர மணலில் நானும் கூடவே ஓடினேன்.

"மச்சான், வேகமா ஓடும். நேத்து சொன்னது நெசம்."

"பேச்சுக் குடுக்காதேயும் மாப்ள. சிரிச்சா மூச்சு வாங்குது."

"வேதத்து மேல சத்தியமா சொல்லுதேன்."

"சிப்பிக்கும் அதத்தான் சொன்னீரு."

"அது பாத்திக் கல்லு மச்சான். உப்பளத்துப் பாத்திக் கல்லு."

"நல்லா நடிக்கீரு. கண்ணுல தண்ணி கூட வருது."

எதிரே கடல் காற்று. மச்சான் தொப்பை இல்லாத மனிதர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விலாவில் குத்த ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் எறும்பாகிவிட்டார்கள். மச்சான் சாவகாசமாகச் சொன்னார்: "நாலு முடிஞ்சிருக்கும் போல. டிரம்ம எங்கயோ மறந்துட்டானுவ."

அப்போதுதான் சாலையோரத்தில் ஒரு கல் வந்தது. புதுக் கல், துறைமுகத்தார் நட்டது. அதில் 1 என்று எழுதியிருந்தது.

மச்சான் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். எண்ணுக்குப் பக்கத்தில் அழிந்துபோன வேறு எண் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவினார்.

"ஒண்ணுங்குது."

"ஆமா."

"எவ்ளோ நேரமாச்சு?"

"ஒம்பது நிமிஷம்."

அவர் முகத்தில் பதினோரு வருட மண்டி மெல்லத் திரும்பி வருவதைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூ இரண்டையும் கழற்றினார். ஒன்றைக் கீழே போட்டார். இன்னொன்று என் நெஞ்சில் வந்து விழுந்தது. பிறகு ஓடினார். அதுவரைக்கும் நாங்கள் ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு செய்த காரியம் எதுவோ, அது ஓட்டம் இல்லை என்று அப்போது தெரிந்தது. தேரிக்காட்டுச் செம்மணலில் முதுகில் மூட்டையோடு நடந்து பழகிய கால்கள். தார்ச் சாலை அவருக்குப் பாய் விரித்த மாதிரி இருந்திருக்கும்.

நானும் ஷூக்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன், இருநூறு அடி. அதன் பிறகு வானம் வெள்ளையாகத் தெரிந்தது, மணலில் உட்கார்ந்துவிட்டேன். கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய லாரி ஒன்று நின்றது.

"என்ன அண்ணாச்சி, மயக்கமா?" என்றார் டிரைவர்.

"ஓடி வந்தேன்."

"எங்கருந்து?"

"கேட்லருந்து."

அவர் தலையை வெளியே நீட்டி, கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே தெரிந்த கேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

கேட்டில் இறங்கி அதிகாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தள்ளி நிற்கச் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஒவ்வொருவராக வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். இருபத்தேழு நிமிடம். இருபத்தெட்டு. மச்சானைக் காணோம். என் மனைவியிடம் என்ன சொல்வது, கோயிலில் சாட்சி சொன்ன மாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். இரண்டு மாதம் கழித்து மண்டியில் அவர் மூட்டை தூக்கும்போது நான் எந்த முகத்தோடு கிறிஸ்துமஸுக்கு அங்கே போவேன் என்றும் யோசித்தேன். இருபத்தொன்பதில் வளைவில் ஒரு வெள்ளைப் பனியன் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. நான் ஒன்றும் கத்தவில்லை. நான் கத்தினால் யாரும் நம்புவதில்லை.

அதிகாரி விசிலை உதட்டில் வைத்துவிட்டார். கன்னம் உப்பியது. மச்சான் கேட்டில் கட்டியிருந்த எல்லைக் கயிற்றைத் தாண்டி ஆறடி தள்ளிப் போய் விழுந்தார். அதன் பிறகுதான் விசில் ஊதியது.

அதிகாரி குனிந்து அவர் பனியனில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்துத் தாளில் ஒரு டிக் போட்டார். "கடைசி ஆள். பாஸ்," என்றார். மச்சான் பதிலுக்கு ஆறு இட்லியையும் வெளியே எடுத்தார்.

அரைமணி நேரம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்தார். ஷூக்களைப் பக்கத்தில் வைத்தேன், தொடவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வெயிலில் இரண்டு பேர் பாரத்தோடு மிதிக்க ஆரம்பித்தேன். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"என்ன இருந்தாலும் மச்சான், ஒரு மாசம் என்கூட ஓடினதுலதான் உமக்கு இந்த வேல கெடச்சுது."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"வாய மூடிட்டு மிதியும்."