மஞ்சள் துணியும் பிளாஸ்டிக் பெட்டியும்

நிர்மலன் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருந்துகொண்டு பஸ் ஓட்டுகிறவன். கசினோ சூதாட்டத்தில் சொந்த வீட்டைத் தோற்றுவிட்டு வந்த அன்று அவனுடைய சட்டைப்பையில் மிஞ்சியது, அங்கே காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வட்டச் சிப் ஒன்று மட்டும். மனைவி சுவர்ணா அதை வாங்கி, நேர்த்திக்குக் காசு முடிவதுபோல மஞ்சள் துணியில் முடிந்து பிள்ளையார் படத்தடியில் வைத்தாள்.

"இனி இது பிள்ளையாற்ற. இதைக் கொண்டுபோய் ஆடினியள் எண்டால், நான் பிள்ளையளோட குட்மேய்ஸுக்குத் தம்பியிட்டைப் போயிடுவன்."

வாடகை வீட்டுக்கு மாறிய பிறகும், நான்கு வருடம் முடிச்சு அப்படியே இருந்தது. ஆசையைத் திசைதிருப்ப, மூடப்பட்ட கசினோக்களின் பழைய சிப்புகளைச் சேர்த்தான். குடியை விட்டவன் வெறும் போத்தல் சேர்ப்பதுபோலத்தான் அது. சேகரிப்பாளர்களின் சந்திப்பு ஒன்றில், சிப்பைச் சோதித்துத் தரம் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. மலேசியாக்காரர் ரங்கராஜன் முகத்தைச் சுளித்தார்.

"நாணயத்துக்கு அது சரி. சிப்பு கையில உரசவே பிறந்தது. தேய்மானந்தான் அதோட கதை, அதுக்குப் போய் மார்க் போடுறதா? விளிம்பைத் தடவ முடியாது, சத்தம் கேக்காது."

"வெளியில எடுக்கேலாதோ அண்ணை?"

"ஆமா. உடைச்சாத்தான்."

நிர்மலன் அதை மட்டுமே பிடித்துக்கொண்டான். துணியை ஒரு விரல் அவிழ்த்துவிடும். பெட்டி அப்படியல்ல. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்து, அப்படியொரு நிறுவனத்துக்குச் சிப்பை அனுப்பினான். 'கிட்டத்தட்டப் புதியது' என்ற தரச்சீட்டோடு, பெட்டிக்குள் அடைபட்டு அது திரும்பி வந்தது. பிள்ளையார் படத்தடியிலேயே வைத்தான்.

"முடிச்சை ஆர் அவிட்டது?" என்றாள் சுவர்ணா.

"நான்தானப்பா. இது அதைவிடப் பலம்."

"பலம் பெட்டிக்கோ, உங்களுக்கோ?"

துணிக்குள் இருந்தவரை சிப் கண்ணில் படவில்லை. இப்போது சாமி கும்பிடும்போதெல்லாம் அதன் சிவப்பும் இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன. காப்பது வேறு, காட்டுவது வேறு. பெட்டி செய்தது இரண்டாவதை.

மூன்றாம் வாரம், காலை ஷிப்ட் முடிந்து வந்தவன் ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் செருகி நெம்பினான். பெட்டி ஒரே நெம்பில் பிளந்தது. அந்தச் சிப் இன்னும் செல்லுபடியானது. வெறும் பெட்டியைப் படத்தடியிலேயே விட்டுவிட்டுக் கசினோவுக்குப் போனான்.

பின்னேரம், சம்பளத்தையும் சேர்த்துத் தோற்றுவிட்டு வந்தபோது வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகள் இல்லை. பிள்ளையார் படத்தடியில் மஞ்சள் துணி புதிதாக முடிந்து கிடந்தது. யோசிக்காமலே அவிழ்த்தான். உள்ளே சுவர்ணாவின் வீட்டுச் சாவி.