ஒன்பதாம் வகுப்பு

ஆவடி பக்கம் நான் படித்த நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்திவிட்டார்களாம். அந்த நெடி ஏறியதும், அக்கா எட்டாவது முடித்த கோடைக்குப் போய்விட்டேன்.

அன்றும் இப்படித்தான் அடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கலாமா என்று பார்க்க அதிகாரி வந்தார். அம்மா அக்காவுக்குத் தலை பின்னிவிட்டு ஜீப்பருகே கூட்டிப்போனாள்.

"தூரமா அனுப்ப இவங்கப்பா ஒத்துக்கலை சார். இங்கியே ஒம்போதாவது வந்தா இவ பட்ச்சிடுவா."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

அடுத்த வருஷம் அக்கா அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி வாசலிலிருந்தே அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இனிமே இங்க இருக்கிற பொண்ணுங்களாவது படிக்கும். நல்லதுதானேக்கா?"

"நல்லதுதான். ஆனா எனக்கு வயிறு எரியுதுடா" என்று போனை வைத்துவிட்டாள்.