பாஸுக்கு ஓர் இனிஷியல்

நேற்று எலக்ட்ரீஷியன் எங்கள் வாடகை வீட்டின் பழைய பீங்கான் ஃபியூஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சில்லென்று இருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், பீங்கானைத் தொட்டாலே எனக்குப் பயம்தான் முதலில் வரும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஃபியூஸ் கம்பெனி. அப்பா வேலு அங்கே சூளையில் இருந்தார். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆபீஸில் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு வாங்கித் தந்தார்.

"சாயங்காலம் புரோகிராம ஓட்டிக் காட்டும்மா. இல்லன்னா ஒங்கப்பா பேச்ச நம்பி நான்தான் ஏமாந்துட்டேன்" என்றார் முதலாளி, முதல் நாளே.

சோதனையில் தேறிய ஃபியூஸை அங்கே 'பாஸ்' என்பார்கள். நானும் புரோகிராமில் தேறியவற்றின் எண்ணிக்கைக்கு ஆங்கிலத்தில் பாஸ் என்றே பெயர் வைத்தேன். ஓடவில்லை. தப்பு என்றது, என்ன தப்பு என்று சொல்லவில்லை. தமிழ் மீடியத்துக்காரி நான்; கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் திட்டினால் பாதிதான் புரியும். தேடித் தேடிப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன்: சில சொற்களை அந்த மொழி தனக்கென்று வைத்துக்கொள்ளுமாம், நாம் பெயராக வைக்கக் கூடாதாம். எந்தெந்தச் சொற்கள் என்று அதில் இல்லை. வேறு சொல் வைக்கலாமே என்பீர்கள். எதைத் தொட்டாலும் அதற்கும் ஒரு சொந்தக்காரன் வந்து நிற்பானோ என்று பயமாக இருந்தது.

வெளியே ஷிஃப்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். "கே.லட்சுமி, பி.லட்சுமி, எஸ்.லட்சுமி..."

அட! பாஸுக்கு முன்னால் அப்பாவின் 'வி'யைப் போட்டேன். பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோல் ஒரு புள்ளியும் வைத்தேன். மறுபடி தப்பு. அழுகையே வந்துவிட்டது. அப்பா சூளைத் தூசியோடு எட்டிப் பார்த்தார்.

"ஓடுதாம்மா?"

"ஓடும்ப்பா. நீங்க வூட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை. புள்ளியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டி எழுதினேன். ஓடியது.

அதன்பின் எதற்குப் பெயர் வைத்தாலும் முன்னால் ஒரு வி. சென்னைக்கு வந்தும் விடவில்லை. இப்போதெல்லாம் மொழி தனக்கென்று வைத்திருக்கும் சொற்களை அடிக்கும்போதே திரை நிறம் மாற்றிக் காட்டிவிடுகிறது. விருத்தாசலம் கம்பெனியை மூடிவிட்டார்கள். போன வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

போன வாரம் ஆபீஸுக்குப் புதிதாக வந்தவர், "இந்த வி எதுக்குங்க மேடம்?" என்றார். தேவையில்லைதான். எல்லாப் பெயரிலிருந்தும் எடுத்துவிட்டு ஓட்டினோம்.

தப்பு வந்துவிடுமோ என்றுதான் இத்தனை காலமும் பயந்திருக்கிறேன். அன்று, அப்பாவின் வி இல்லாமலும் தப்பு வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். வரவில்லை.