இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை

பிள்ளைகளே, நேற்றுச் சின்னவள் என் போனைக் கொலோன் வாசனைத் தண்ணி தொட்ட பஞ்சால் துடைத்துத் தந்தாள். வெளிநாட்டில் படிக்கிற உங்கள் அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது: "எல்லாம் ஓகே அப்பா." பதில் எழுத விரலை வைத்தேன். அதற்குள் அந்த மணம் என்னைப் பழைய கொழும்புக்கு, வெள்ளவத்தைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன், சண்டைக்காலத்தில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கடை. ஒட்டுப்பலகையால் அடைத்த பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரெலிபோன், ஒரு ஸ்டூல். ஆள் எழும்பிப் போனதும் ரிசீவரைக் கொலோனால் துடைக்க வேண்டும். வியர்வை, பவுடர், கண்ணீர், எல்லாவற்றுக்கும் அதே கொலோன்தான். உலகத்து நாடுகளின் கோட் நம்பர்கள் எனக்கு மனப்பாடம். நான் போன தூரம் என்னவோ கொட்டாஞ்சேனைக்கும் தெகிவளைக்கும் இடையில்தான்.

பலகை மெல்லியது. முதலாளி ரேடியோவைச் சத்தமாகப் போடச் சொல்வார், அப்படியும் கேட்கும். காலையில் ஆமி, பொலிஸ் சுற்றிவளைப்பில் வீதியில் நின்றுவிட்டு வந்தவரும் சரி, தம்பியைத் தேடிப் பொலிஸ் நிலையத்துக்கு அலைந்துவிட்டு வந்தவரும் சரி, பெட்டிக்குள் போனால் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "நாங்கள் சுகம். இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை." வெளிநாட்டுக் குளிரில் கோப்பை கழுவுகிற பிள்ளையின் நித்திரையை ஏன் கெடுப்பான்? அதோடு, லைனை யாரோ கேட்கிறார்கள் என்ற பயம் வேறு.

பக்கத்து லொட்ஜில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இருந்தார். மகள் ஜெர்மனியில், மகன் தீபன் சுவிஸில். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இந்த வசனத்தைத் தேவாரம் மாதிரி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார்.

ஒரு ஞாயிறு, மகனோடு பேசும்போது, பெட்டிக்குள்ளிருந்து அவர் குரல் உடைந்தது. "வேண்டாம் ராசா, இப்ப வரவேண்டாம்."

பழைய ரிசீவர், மறுபக்கமும் கேட்கும். "ஏனம்மா? பிரச்சினை ஒண்டும் இல்லை எண்டுதானே நீங்கள் ஒவ்வொரு கிழமையும் சொல்லுறனீங்கள்?"

"இல்லைத்தான்... சரியான வெயிலடா."

"வெயிலுக்குப் பயந்து ஆரும் பெத்த தாயைப் பாக்காமல் இருக்கிறதே?" மகன் சிரித்தான்.

அன்ரி ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தார். "தம்பி, என்னத்தையடா சொல்லுறது? ஒரு சொல்லுச் சொல்லன்."

"ரிக்கற் விலை கூடவாம் எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். அவரும் அதையே சொன்னார். அவன் ரிக்கற் எடுத்துவிட்டானாம். பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற உண்மையை லைனில் சொல்லப் பயம். சொல்லியிருந்தாலும், அத்தனை ஞாயிறுகள் சுகம் என்று கேட்டவன் எப்படி நம்புவான்?

தீபன் வந்தான். உயரமான, சிரித்த முகப் பிள்ளை. கடைக்கு வந்து எனக்கொரு சொக்லேட் தந்து, "நீங்கள்தானே எங்கட வீட்டுக் கதையெல்லாம் ஒட்டுக்கேக்கிற ஆள்?" என்று பகிடி பண்ணினான். எனக்குக் காது சுட்டது.

அந்தக் கிழமையே லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். "சும்மா விசாரிக்கத்தான், பின்னேரம் விட்டுவிடுவோம்" என்றார்களாம். அதுவும் அந்தக் காலத்து வசனம்தான். பின்னேரமும் போனது, அடுத்த நாளும் போனது. அன்ரி ஏறாத பொலிஸ் படி இல்லை. அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றுதான் எங்கும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தலைகூட வாராமல் கடைக்கு வந்தார். ஜெர்மனிக்கு லைன் எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, தம்பி வந்து சேர்ந்தவனே? அவனிட்டைக் குடுங்கோ."

"அவன் வெளிய போயிட்டான் பிள்ளை." இனி உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஓம், நாங்கள் சுகம். இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை."

ரிசீவரைக் கொளுவ மறந்து ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அதற்குள்ளிருந்து "அம்மா? அம்மா?" என்று சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் கொலோன் பஞ்சோடு நின்றேன். அதை எடுத்துப் பதில் சொல்ல எனக்கு என்ன உரிமை? கடைசியில் லைன் தானாக அறுந்தது.

சில மாதங்களில் அன்ரி லொட்ஜை விட்டுப் போனார். எங்கே என்று தெரியாது. தீபன் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேள்விப்படவில்லை.

இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். பலகை இல்லை, ஸ்டூல் இல்லை. லொட்ஜ் இருந்த இடத்தில் மாடிவீடுகள். உலகத்தின் எந்த மூலைக்கும் இப்போது சட்டைப் பையிலிருந்தே பேசலாம். ஒட்டுக்கேட்க என்னைப் போல் ஒருவனும் இல்லை.

நாளைக்கு எனக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக். நெஞ்சு நோவைப் பற்றி அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. "இங்கேயும் எல்லாம் சுகம்" என்று எழுதி, அழித்தேன். வேறு எழுதத் தொடங்கி, அதையும் அழித்தேன். கொலோன் மணமும் போய்விட்டது. போன் கையில்தான் இருக்கிறது.