ரப்பர் படாத உடுப்பு

கொழும்புக்கு வந்த முதல் வாரத்தில் என் துணிகள் காணாமல் போயின. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலு மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் எனக்கு ஒரு அறையும் சின்னச் சமையல்கட்டும். காலையில் மொட்டை மாடிக் கொடியில் ஏழு உருப்படிகளை விரித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு என்பது நிச்சயம், எண்ணித்தான் விரிப்பேன். பிற்பகலில் கடலிலிருந்து ஒரு மழை ஏறி வந்து ஊரை நனைத்துவிட்டுப் போயிருந்தது. மாலையில் மேலே போய்ப் பார்த்தால் கொடியில் ஒன்றும் இல்லை. திருட்டு என்றே நினைத்தேன். கீழே வந்தபோதுதான் என் கதவுப் பிடியில் ஒரு பை தொங்குவதைக் கவனித்தேன். உள்ளே ஏழும் இருந்தன. உள்ளாடைகள் உட்பட எல்லாம் மடித்து, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கப்பட்டிருந்தன.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சிவமலர் அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்தவர், அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகள் கனடாவில்.

"மழை துமிச்சது, எடுத்து வைச்சனான். ஈரம் கிடந்தா வீட்டுக்குள்ள விரியுங்கோ பிள்ளை."

"ரொம்ப நன்றிங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுக்கென்ன நன்றி? ஆர் வீட்டில நிக்கினமோ அவை எடுக்கிறதுதானே."

அந்தக் கட்டடத்தின் சட்டமே அதுதான். மழை விழுந்தால் வீட்டில் இருப்பவர் மேலே ஓடி, பதினான்கு வீட்டு உடுப்பையும் வாரிக்கொண்டு வந்து, அவரவர் கதவில் மாட்டிவிடுவார். எது யாருடையது என்று எப்படியோ தெரிந்திருக்கும். எங்கள் திருச்சியில் மொட்டை மாடியில் கொடிக்குக் கொடி எல்லை உண்டு. மழை வந்தால் "துணி நனையுதுங்க" என்று கீழிருந்து ஒரு குரல் கொடுப்போம், அதுதான் அண்டை வீட்டுக் கடமை. மற்றவர் உள்ளாடையைத் தொட்டு மடிப்பதை நினைத்தும் பார்க்க மாட்டோம். அன்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு வருடத்தில் அந்தக் கூச்சம் போய், இப்படி ஒரு ஏற்பாட்டை நாங்கள் ஏன் யோசிக்கவில்லை என்ற பொறாமை வந்துவிட்டது.

எனக்குத் துணி என்பது மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம். என் தோலுக்கு ரப்பர் ஆகாது. பதினோரு வருடத்துக்கு முன் திருச்சியில் ஒரு பல் மருத்துவர் வாய்க்குள் கையுறை விரலை வைத்த ஐந்தாவது நிமிடத்தில் என் உதடு வீங்கியது. அதற்கு முன்பே இடுப்பிலும் தோளிலும் வருடக்கணக்காகத் தடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. பலூனைத் தவிர்க்கலாம், ரப்பர் வளையங்களை வீட்டுக்குள் விடாமல் இருக்கலாம். உடுப்பை அப்படி ஒதுக்க முடியாது. இன்றைய உள்ளாடை எதை எடுத்தாலும் எங்காவது ஒரு எலாஸ்டிக் இருக்கும். உறையூரில் எனக்கென்று ஒரு தையற்காரர் இருந்தார். நாடாவும் கொக்கியும் வைத்து அவர் தைத்துக் கொடுத்த பன்னிரண்டு ஜோடிகளோடுதான் விமானம் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம்.

கொழும்பின் ஈரக்காற்றில் பருத்தி சீக்கிரம் நைந்துபோகிறது. இரண்டாவது வருடம் முடிவதற்குள் பன்னிரண்டில் மூன்றுதான் உடுக்கும் நிலையில் மிஞ்சின. அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி மேசைக்கு வந்து கேட்டார். "இன்னும் ரெண்டு வருசம் நிப்பீங்களா மிஸ்? மாசி முடியிறதுக்குள்ள சொன்னாப் போதும்." எனக்கு இங்கே இருக்க ஆசை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் பேருந்தில் நின்று, வியர்த்து, பிறகு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். உடம்பில் பொறுக்கிற உடுப்பு இல்லாமல் அது முடியாது. உடுப்பு கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தியின் எதிர்காலம் ஒரு இடுப்புப் பட்டியில் தொங்குவதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

முதலில் காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். இங்கே கடைப்பெண்கள் பொறுமைசாலிகள். ஒன்று வேண்டாம் என்றால் முகம் மாறாமல் பத்தை இறக்குவார்கள். "எலாஸ்டிக் இல்லாதது வேணும்மா" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"இது கழண்டு விழாது அன்ரி. நல்ல எலாஸ்டிக். இழுத்துப் பாருங்கோ."

"எனக்கு ரப்பர் ஒத்துக்காதும்மா. அலர்ஜி."

"ஐயோ அன்ரி, இது ரப்பர் இல்லை. எலாஸ்டிக்!" என்று இரண்டு கையாலும் இழுத்து, என் மூக்குக்கு முன்னால் விட்டுக் காட்டினாள். நான் ஒரு அடி பின்வாங்கினேன். விலை அதிகம் என்று தயங்குகிறேனோ என்று அவள் குறைந்த விலையில் ஒன்றை எடுத்தாள். அவளுடைய அன்பை எப்படி மறுப்பது என்று தெரியாமல் ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதிப்பகத்தில் அச்சுக்கோக்கும் கணினியில் இருக்கும் பெண்தான் மெட்டில்டா அக்கா என்ற தையற்காரியிடம் அனுப்பினாள். அங்கே ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்னறை முழுக்க, கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத்துக்கும் தைத்த வெள்ளைச் சட்டைகள் தொங்கின. நான் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கோயிலிலிருந்து எடுத்து வந்த ஒரு மெழுகுதிரித் துண்டைக் கொளுத்தினார். பெட்டியிலிருந்து ஒரு எலாஸ்டிக் துண்டை எடுத்து, ஊசியால் உள் இழை ஒன்றை உருவிச் சுடரில் காட்டினார். கரும்புகை எழுந்தது. எரிந்த டயரின் வாடை.

"இது ரப்பர், மிஸ். ஒங்களுக்கு ஆகாது." அடுத்த துண்டின் இழை உருகிச் சுருண்டு மணியாக நின்றது. டயர் வாடை இல்லை. "இது வேற சாமான். இதுல ரப்பர் இல்ல."

"இதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கைப்புள்ளைங்க கத்துக்குடுத்திச்சி. ஞானஸ்நானத்துக்குத் தச்சிக் குடுத்தா, சிலதுக்குக் கை மணிக்கட்டுல வளையம் மாதிரிச் செவந்துபோகும். கடக்காரன் எல்லாத்தையும் நல்லது, இம்போர்ட்டட்ன்னுதான் சொல்லுவான். நெருப்பு பொய் சொல்லாதே. அதனால எரிச்சிப் பாக்காம ஒரு முழம்கூட வாங்க மாட்டேன். கடக்காரன் என்னையக் கண்டா 'நெருப்பு அக்கா வர்றா'ன்னுவான்."

பதினோரு வருடத்தில் என் தோலுக்காக ஒருவர் தீக்குச்சி கிழித்தது அதுதான் முதல் தடவை. கேட்காமலே ஒருவர் இவ்வளவு கவனமாக வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு நல்ல புத்தகம் படிப்பது போல. ஆறு ஜோடி தைக்கக் கொடுத்தேன். முன்பக்கம் கொக்கி, தோளில் வெறும் பருத்திப் பட்டி, இடுப்பில் நாடா, முதுகில் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு அந்த உருகும் இழைப் பட்டி. போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினேன், குனிந்தேன், பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போல நின்றேன். உடுப்பு இருப்பதே தெரியவில்லை.

பத்து நாள் அப்படியே போனது. பதினோராம் நாள் பேருந்தில் நிற்கும்போதே தோளில் அரிப்பு தொடங்கியது. மாலையில் பார்த்தால் தோளிலும் இடுப்பிலும் விரல் தடிமனில் சிவந்த தடிப்புகள். நாலு நாள் கழித்து மறுபடியும். மாசி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் மெட்டில்டா அக்கா வீட்டுக்குப் போய், உட்காராமலே, "நீங்க வேற எலாஸ்டிக் வெச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்ட தொனி நல்ல தொனி அல்ல. முன்னறையில் சட்டை அளவு கொடுக்க வந்திருந்த ஒரு தாயும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் மெழுகுதிரியோடு வந்தார். நான் கொண்டுபோன உடுப்பின் முதுகுப் பட்டியைப் பிரித்து ஒரு இழையை எரித்தார். உருகியது. பிறகு கேட்டார்: "எங்க தடிச்சிச்சி?"

தோளைக் காட்டினேன். இடுப்பைக் காட்டினேன்.

"முதுகுல?"

"முதுகுல இல்ல."

"தோள்ல நான் எலாஸ்டிக்கே வைக்கலியே மிஸ். இடுப்புல நாடா. எலாஸ்டிக் வச்ச எடத்துல ஒண்டுமில்லை, வைக்காத எடத்துல தடிச்சிருக்கு. இது தச்சதால வந்ததில்ல. தச்சதுக்குப் பொறகு வந்தது." மெழுகுதிரியை ஊதி அணைத்தார். "துவைக்கிறது யாரு?"

நான்தான் துவைக்கிறேன். என் வாளியில், என் கையால். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை விரித்தேன். இருபத்தாறு வருடமாக ஒரே ஒழுங்கில் எழுதுகிறேன். முதல் வரி வானிலை, இரண்டாம் வரி உடுத்தியது, மூன்றாம் வரி தோல், பிறகுதான் மற்றவை. தடித்த நாட்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தேன். பழைய உடுப்பிலேயே லேசாகத் தடித்து நான் பொருட்படுத்தாத மூன்றையும் சேர்த்து, கடந்த மூன்று மாதத்தில் ஐந்து நாட்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஓரிரு நாட்களின் முதல் வரியில் மழை என்று இருந்தது. ஐந்திலும் கீழே எங்காவது, "உடுப்பு கதவில் இருந்தது" என்று என் கையெழுத்தே இருந்தது. மற்றவர் எழுத்தில் விடுபட்ட ஒற்றைக்கூடக் கண்டுபிடிக்கிற நான், என் பக்கங்களை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். பகல் இரண்டு மணிக்கு மழை தூறியது. எதிர்க் கதவு படாரென்று திறந்தது. சிவமலர் அக்கா மீன் சட்டி கழுவிக்கொண்டிருந்த கோலத்தில் படியேறி ஓடினார், நானும் பின்னால் ஏறினேன். முழங்கை வரை இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை. மூன்று மாதத்துக்கு முன் விடுமுறையில் வந்த மகள், அம்மாவின் விரல்கள் சவுக்காரத்தில் வெடித்திருப்பதைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. நுரை ஈரத்தோடு அந்தக் கைகள் என் உடுப்பைத் தோளில் பிடித்து உதறி, இடுப்பில் பிடித்து மடித்தன.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி படியிலேயே போய்விட்டது. என்ன சொல்வது? இனி என் உடுப்பைத் தொடாதீர்கள் என்று சொன்னால் என் கொடியைச் சுற்றி எல்லை கட்டியதாகிவிடும். திருச்சி மாடியை நானே இங்கே கொண்டுவந்ததாகும். சொல்லாமல் விட்டால் மாசிக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டும். சுற்றி வளைத்துக் கால் மணி நேரம் பேசினேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "உடுப்பில மீன் மணம் பிடிக்குதோ?" என்றார். கடைசியில் சட்டைக் கையை மடித்து, கையுறையின் விரலை என் முழங்கையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தேன். வியர்த்த தோலில் அது சிவந்து எழும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடவுளே! இவ்வளவு நாளும் நான்தான் உம்மைக் கொல்லப் பாத்தனானோ?"

"அப்படி இல்லக்கா..."

"வாயைத் திறந்து சொல்லுறதுக்கென்ன? மழை வந்தா கிளவுசைக் கழட்டிப்போட்டு, கையைக் கழுவிப்போட்டு எடுக்கிறன். ரெண்டு சட்டை நனைஞ்சா நனையட்டும்." பிறகு சந்தேகத்தோடு, "எடுக்க வேண்டாம் எண்டு சொல்லமாட்டீர்தானே?" என்று கேட்டார். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மூன்றாம் மாடிச் சிங்களப் பெண்மணி படியில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "ரப்பர் நே, மிஸ்!" என்று, இல்லை என்பதைத் தன் மொழியில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் ஞாயிறு, கோயிலில் பூசை முடியும் நேரத்துக்கு மெட்டில்டா அக்காவிடம் போனேன். ஆட்கள் இருக்கும்போது கேட்டதற்கு ஆட்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தேன். "விடுங்க மிஸ்," என்றார். "அந்தப் பிரிச்ச பட்டியக் கொண்டாங்க, தச்சித் தாரேன்." மாசி முடிய நாலு நாள் இருக்கும்போது முதலாளியிடம் இருக்கிறேன் என்று சொன்னேன்.

ஒரு தடவை அலுவலகத்தாரோடு அவிசாவளைப் பக்கம் போயிருக்கிறேன். சாலை ஓரமெல்லாம் ரப்பர் மரங்கள். பட்டையில் சாய்வாகக் கீறிய கோடு வழியே வெள்ளைப் பால் சிரட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை வதைக்கிற பொருள் இவ்வளவு அமைதியாகப் பிறப்பதை வண்டி நகரும்வரை பார்த்தேன். என் தோலுக்குச் சேராத மரத்தின் நாட்டில்தான் என் தோலைக் கவனிக்கும் இத்தனை பேர் கிடைத்தார்கள்.

சித்திரை விடுமுறைக்குத் திருச்சி போனேன். இரண்டாம் நாள் பிற்பகல், கோடை மழை ஒன்று சொல்லாமல் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மொட்டை மாடிக்கு ஓடினேன். மூன்று கொடியிலும் கிடந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு படி இறங்கும்போது அடுத்த வீட்டுப் பெண் எதிரே வந்தாள்.

"ஆன்ட்டி, எங்க துணியை எங்கே கொண்டு போறீங்க?"

"மழைம்மா," என்று துணிகளை நீட்டினேன். அவள் தன் வீட்டு நைட்டியையும் உள்ளாடையையும் என் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அங்கேயே படியில் நின்றேன். கைபேசியில் சிவமலர் அக்காவின் குரல் செய்தி வந்திருந்தது.

"பிள்ளை, இஞ்சை மழை. அவசரத்தில உம்மட ரெண்டு சட்டையைக் கொடியில மறந்திட்டுப் போயிட்டீர். கையைக் கழுவிப்போட்டுத்தான் எடுத்தனான். கதவில கொழுவியிருக்கு."

எண்ணித் துணி விரிக்கிறவள் நான். இரண்டை மறந்து வந்திருக்கிறேன். அன்றைய பக்கத்தின் முதல் வரியில் இரண்டு ஊர் மழையையும் எழுதினேன்.