பன்னிரண்டாம் வீட்டுச் சுவர்

தமிழ்ப் பகுதிகளை மலையாள அரசிலிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்ட ஆண்டுகளில் நாங்கள் பாறசாலைக்குப் பக்கத்தில், திருச்சபை நிலத்தில் வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் ஐந்தாவதில் குடியிருந்தோம். வீடு எங்களுடையது, மண் சபையுடையது. ஆகவே குடியிருப்போர் சங்கம் சொன்னபடி நடக்க வேண்டும். வேலி இடுப்புக்கு மேல் வளரக்கூடாது. அறுப்பின் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை எல்லா வீடும் ஒன்றாக வெள்ளையடிக்க வேண்டும்; அதற்கு முன்னால் அடிப்பதும் குற்றம்தான். போராட்டம் சூடுபிடித்ததும் இன்னொரு விதி சேர்ந்தது. எந்தச் சுவரில் கட்சி வாசகம் காணப்பட்டாலும், எழுதியவர் யாராயினும், அந்த வீட்டார் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். போலீஸ் உள்ளே வந்துவிடும் என்ற பயம். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் அந்த விதியைச் சங்க நோட்டில் எழுதியவன் நானே.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் நேரம், ரோட்டைப் பார்த்த எங்கள் சுவரில் கரியால் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது: 'பாறசாலை தமிழருக்கே.' அந்த வாசகத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதை டைரியில்கூட நான் எழுதியதில்லை. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். ஒரு வாரத்தில் எங்கே போவது?

போன வருடத்துச் சுண்ணாம்பைக் கரைத்து, எழுத்து மறையும்வரை பூசினேன். மறைந்தது. ஆனால் வெயில் ஏற ஏற, மழையில் செம்மண் தெறித்துக் கிடந்த சுவரில் அந்த இடம் மட்டும் கட்டுப் போட்ட புண் போல வெளுத்தது.

மனைவி வந்து பார்த்தாள்.

"முழுசும் அடிச்சிருங்க. முந்தி அடிச்ச குத்தத்துக்கு சர்ச் முற்றம் பெருக்கச் சொல்லுவாங்க. பெருக்கிட்டுப் போவோம்."

பாதிச் சுவர் முடிந்தபோது நாலாம் வீட்டுக்காரர் வேலிக்கு மேல் ஒரு சட்டியை நீட்டினார். "சுண்ணாம்பு கொஞ்சம் உண்டா மக்கா?" எழுத்தைத் தேய்த்துப் பார்த்த அவர் முழங்கை வரை கரி. பானையிலிருந்து அள்ளி ஊற்றினேன். பிறகு மூன்றாம் வீட்டிலும் ஏழாம் வீட்டிலும் பானைகள் வெளியே வந்தன.

எட்டு மணிக்குக் குடையோடு சங்கச் செயலாளர் வந்தார்.

"பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. யாரு சொல்லி அடிக்குதிய?"

"பிஷப்பு திடீர்னு வந்துட்டா?" என்றார் நாலாம் வீட்டுக்காரர்.

"பிஷப்பு ஆறு மாசம் முந்தியே கடுதாசி போட்டுட்டாக்கும் வருவாரு."

அவருடைய வேட்டி ஓரத்தில் சுண்ணாம்புத் துளிகள் ஈரம் காயாமல் இருந்தன. அவர் வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சரி. இந்த வருசம் வெள்ளையடி இன்னைக்காக்கும். நோட்டுல எழுதும் ஓய்."

மதியத்துக்குள் பதினொரு வீடுகள் வெளுத்துவிட்டன. பன்னிரண்டாம் வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த தையல்காரர் குடும்பத்தோடு பொழியூருக்கு, மனைவி வீட்டுக்குப் போயிருந்தார். அந்தச் சுவரில் வாசகம் அப்படியே இருந்தது. அமரவிளைப் பக்கமிருந்து வந்த போலீஸ் வேன் அதன் முன்னால் வேகம் குறைந்து, பிறகு போனது.

"காலி பண்ணச் சொல்லி தையல்காரனுக்கு ஒரு நோட்டீஸ் எழுதும்," என்றார் செயலாளர். "இல்லைன்னா நாளைக்கு போலீசுக்காரன் எல்லா வீட்டையும் கேப்பான்."

எங்கள் சுவரிலும் இருந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள். தமிழில் ஒன்று, போலீஸ் பார்க்க மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்த தையல்காரர் நோட்டீசை என்னிடமே கொண்டுவந்தார். படிக்கத் தெரியாதவர்.

"இதுல என்ன போட்டிருக்கு அண்ணே?"

படித்துச் சொன்னேன். அவர் என் சுவரை வெகுநேரம் பார்த்தார். அடுத்த புதன்கிழமை மாட்டுவண்டியில் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு டைரியில் இரண்டு வரிதான் இருக்கிறது. 'வெள்ளையடி, பதினொரு வீடு. சுண்ணாம்பு அரைப் பானை மிச்சம்.'